பங்கில் நிதி திரட்டுவோருக்கு: கேட்பதற்கு முன்னும் பின்னும்

ஓர் ஆலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகமே பங்கு. அதன் ஆலயக் கூரை ஒழுகத் தொடங்கியதும் கூடும் முதல் கூட்டத்தில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் “யார் யாரிடம் கேட்கலாம்?” என்பதாகத்தான் இருக்கும். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சென்ற முறை வாங்கிய பணத்தின் கணக்கை மக்களிடம் படித்தோமா? நிதிக்குழுவின் செயலராகப் பொறுப்பேற்ற புதிதில், அதைக் கேட்காமலேயே நான் மணிக்கூண்டுப் பழுதுபார்ப்புக்கு நிதி திரட்டக் கிளம்பினேன். திருப்பலி முடிவில் அறிவிப்பும் நன்றாகவே செய்தேன். வெளியே வந்தபோது, வாசல் தூணருகே நின்றிருந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒலிபெருக்கிக்கு வாங்கினீங்களே தம்பி, அந்தப் பணம் என்ன ஆச்சு?” என்று கேட்டார். அந்தப் பணம் ஒழுங்காகத்தான் செலவாகியிருந்தது. ஒலிபெருக்கி அவர் தலைக்கு மேலேயே மாட்டப்பட்டிருந்தது. ஆனால் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மீதி எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. மணிக்கூண்டுக்கு நாங்கள் எதிர்பார்த்ததில் பாதிகூட வந்து சேரவில்லை.

ஆகவே உங்கள் பங்கில் புதிதாக எதற்காவது பணம் திரட்டும் எண்ணம் இருந்தால், பழைய கணக்கை முடித்துப் படிப்பதிலிருந்து தொடங்குங்கள். அதற்கு இரண்டு மாதம் ஆகுமென்றால், கூரை மேல் தார்ப்பாயைப் போட்டுவிட்டு அந்த இரண்டு மாதமும் காத்திருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

நிதி திரட்டும் குழுவில் இருப்பவர்களில் ஒருவராவது, 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இது தொடர்பான சில எண்களை (எண்ணிட்ட பிரிவுகளை)ப் படித்திருக்க வேண்டும். எண் 222, வழிபாடு, மறைத்தூதுப் பணி, பிறரன்புப் பணி, பணியாளர்களின் தகுந்த வாழ்வு ஆகியவற்றுக்குத் தேவையானதைத் திருச்சபைக்குக் கிடைக்கச் செய்வது நம்பிக்கையாளர் அனைவரின் கடமை என்கிறது. எண் 1261, கொடுப்பது அவர்களுடைய உரிமை, விருப்பம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால், கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்பதும், கட்டாயப்படுத்த யாருக்கும் இடமில்லை என்பதும் ஒருசேர விளங்கும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை எழுதி, கொடுக்காதவர்களின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பங்குகள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகின்றன.

எண் 537-இன்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும். மேய்ப்புப்பணிப் பேரவை (எண் 536) ஆலோசனை கூறும் அமைப்பு. சட்டக் காரியங்களில் பங்கின் சார்பாகக் கையெழுத்திடுபவர் பங்குத்தந்தை (எண் 532). இம்மூன்றுக்கும் இடையே உரசல் வராத பங்கு அரிது. நடைமுறையில் எனக்கு உதவிய வரைமுறை இது: எந்தத் தேவை முதலில் வர வேண்டும் என்பதைப் பேரவை பேசித் தீர்க்கட்டும், அதற்கு எவ்வளவு ஆகும், நம்மால் தாங்க முடியுமா என்பதை நிதிக்குழு சொல்லட்டும், இரண்டையும் கேட்டுவிட்டுப் பங்குத்தந்தை முடிவெடுக்கட்டும். நிதிக்குழுவே தேவையையும் தீர்மானிக்கத் தொடங்கினால், பேரவைக் கூட்டத்துக்கு வருபவர்களின் எண்ணிக்கை தானாகவே குறைந்துவிடும்.

எண் 1267-இல் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பங்கின் பொறுப்பில் இருப்பவர் கையில் கொடுக்கப்படும் பணம், வேறு விதமாகத் தெளிவாகாதவரை, பங்குக்கே கொடுக்கப்பட்டதாகக் கருதப்படும். மேலும், குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட முடியும். கூரைக்கு வந்த பணத்தில் கழிப்பறை கட்டுவது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், இந்த எண்ணை மீறுவதுதான். எண் 1287, ஆண்டுதோறும் ஆயருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்பதோடு நிற்காமல், மக்கள் கொடுத்த பொருளுக்கு மக்களிடமும் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. எண் 1265, எழுத்து மூலமான அனுமதியின்றித் தனியார் எவரும் திருச்சபை நோக்கங்களுக்காக நன்கொடை வசூலிப்பதைத் தடுக்கிறது. இளையோர் குழு ஒன்று ஆர்வ மிகுதியில் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் பரப்பிப் பணம் வாங்கத் தொடங்கும்போது அவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்லித் தடுத்துவிடுங்கள். பணம் வந்த பிறகு தடுத்தால் அது சந்தேகமாகத் தோன்றும், அந்தப் பிள்ளைகள் பிறகு பங்குக்கு வரமாட்டார்கள்.

இவற்றோடு நாட்டுச் சட்டமும் உண்டு. வரிவிலக்கு ரசீது, வெளிநாட்டு நன்கொடை, குலுக்கல் சீட்டு ஆகிய மூன்றிலும் விதிகள் நாட்டுக்கு நாடு மாறுவதால், தணிக்கையாளர் ஒருவரிடம் முன்கூட்டியே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

கேட்கப் போவதற்கு முன் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு தயாராக இருக்க வேண்டும். என்ன வேலை, ஏன் இப்போது, மொத்தச் செலவு எவ்வளவு, அதில் கையிருப்பு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் முடிக்க எண்ணம், யார் யார் பொறுப்பு என்பவை அதில் இருக்கும். குறைந்தது இரண்டு விலைப்புள்ளிகளை வாங்கிய பின்னரே செலவுத் தொகையை எழுதுங்கள். உத்தேசமாக ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, பாதியில் அதை இரட்டிப்பாக்கும் குழுவை மக்கள் அடுத்த முறை நம்புவதில்லை. பங்குத்தந்தையின் உறவினரோ குழு உறுப்பினரின் நிறுவனமோ அந்த வேலையை எடுப்பதாக இருந்தால், அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். பின்னால் வேறொருவர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது எத்தனையோ மேல்.

பெரும்பாலான குழுக்கள் விட்டுவிடும் வரி ஒன்று இருக்கிறது. பணம் கூடுதலாக வந்தால் என்ன செய்வோம், குறைவாக வந்தால் என்ன செய்வோம் என்பதுதான் அது. நோக்கத்துக்குக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்ற விதி இருக்கும்போது, இந்த வரி இல்லாவிட்டால் மீதிப் பணம் ஆண்டுக்கணக்கில் தொட முடியாமல் கிடக்கும், அல்லது யாரோ ஒருவர் தொட்டுவிடுவார். எங்கள் குறிப்பில் இப்போது இப்படி எழுதுகிறோம்: “தேவைக்கு மேல் வரும் தொகை, ஆலயக் கட்டடப் பராமரிப்புக்காக மட்டும் தனிக்கணக்கில் வைக்கப்படும். இலக்கில் முக்கால் பங்கு சேராவிட்டால், வேலையைச் சுருக்கிச் செய்வதா, காத்திருப்பதா என்பதைப் பேரவையில் பேசி, முடிவை ஞாயிறு அறிவிப்பில் தெரிவிப்போம். விரும்பாதவர்கள் தங்கள் காணிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.” கடைசி வாக்கியத்தைச் சேர்ப்பதற்குக் குழுவில் பெரிய எதிர்ப்பு இருந்தது. இதுவரை ஒருவர்கூடத் திரும்பக் கேட்கவில்லை.

இந்தக் குறிப்பைப் பேரவையில் படித்து, அன்பியக் கூட்டங்களுக்கு (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களுக்கு) அனுப்பி, எழும் கேள்விகளை வாங்கித் திருத்திய பிறகே அச்சிடுங்கள். அன்பியத்தில் ஒருவர் “கூரையை மாற்றும்போதே சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் போடலாமே” என்று சொல்லக்கூடும். அவர் சொன்னது குறிப்பில் ஏறிவிட்டால், பணம் கேட்டு நீங்கள் அந்தத் தெருவுக்குள் நுழையும் முன்பே உங்களுக்காகப் பேசும் ஒருவர் அங்கே இருப்பார்.

காணிக்கை எண்ணும் மேசை

எந்தத் தனி நிதி திரட்டலுக்கும் அடித்தளம் ஞாயிறு காணிக்கைதான். அது எண்ணப்படும் விதம் சரியாக இல்லையென்றால், மற்றவை எல்லாம் மணலில் கட்டிய வீடு.

திருப்பலியில் சேகரிக்கப்பட்ட காணிக்கை, வழிபாட்டு ஒழுங்குமுறை சொல்வதுபோல, நற்கருணைப் பீடத்தின் மேல் வைக்கப்படாமல் அதிலிருந்து விலகிய இடத்தில் வைக்கப்படும். அங்கிருந்து எண்ணும் அறைக்குப் போகும் சில நிமிடங்களில்தான் ஒழுங்கு பெரும்பாலும் தளர்கிறது. பையை எடுத்துச் செல்பவர்கள் எப்போதும் இருவராக இருக்கட்டும். அந்த இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்க வேண்டாம். பையின் வாயை எல்லார் முன்னிலையிலும் கட்டி, எண்ணிட்ட முத்திரைப் பட்டையைப் போட்டு, அந்த எண்ணை ஒரு ஏட்டில் எழுதிவிடுங்கள். மேசையில் மூவர் உட்கார வேண்டும். ஒருவர் நோட்டுகளையும் காசுகளையும் பிரித்து அடுக்குவார், இன்னொருவர் எண்ணுவார், முதலாமவர் மீண்டும் எண்ணிச் சரிபார்ப்பார், மூன்றாமவர் மதிப்பு வாரியாகத் தாளில் எழுதுவார். காணிக்கை உறைகளில் வெளியே எழுதப்பட்ட தொகையும் உள்ளே இருப்பதும் பொருந்துகிறதா என்று திறக்கும்போதே பார்த்து, பொருந்தாவிட்டால் உறையின் மேலேயே இருவர் கையெழுத்திட வேண்டும். முடிவில் மூவரும் தாளில் கையெழுத்திட்டு, ஒரு படியைப் பெட்டியிலும், ஒரு படியை அலுவலகத்திலும், ஒரு படியை நிதிக்குழுவின் கோப்பிலும் வைப்பார்கள்.

எண்ணுபவர்களை மாதந்தோறும் மாற்றுங்கள். “இருபது வருஷமா நான்தானே எண்ணுறேன், என்மேலேயே சந்தேகமா?” என்று ஒருவர் வருந்துவது நிச்சயம். அவரை வீட்டில் போய்ப் பார்த்து, இந்த ஏற்பாடு பழிச்சொல்லிலிருந்து அவரைத்தான் முதலில் காக்கிறது என்று சொல்லுங்கள். புனித பவுல் எருசலேம் மக்களுக்காகத் திரட்டிய பணத்தைத் தனியாக எடுத்துச் செல்லாமல், சபைகள் தேர்ந்தெடுத்தவர்களை உடன் அழைத்துக்கொண்டது இதே காரணத்துக்காகத்தான். இவ்வளவு பெரிய கொடையைக் கையாள்வதில் யாரும் தங்களைக் குறைகூற இடம் தரக் கூடாது என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8-ஆம் அதிகாரத்தில் அவரே வெளிப்படையாகச் சொல்கிறார். பவுலுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது என்று சொன்னபோது எங்கள் பங்கில் அப்படி வருந்திய முதியவர் சிரித்துவிட்டார்.

எண்ணிய பணத்திலிருந்து அன்றைய பூவுக்கோ மின்பணியாளருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியை வங்கியில் போடும் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். வந்த தொகை முழுவதும், அடுத்த வேலை நாளிலேயே வங்கிக்குப் போக வேண்டும். சில்லறைச் செலவுக்குத் தனிக் கைப்பணம் இருக்க வேண்டும். எண்ணுபவரே கணக்கு எழுதுபவராகவும், கணக்கு எழுதுபவரே காசோலையில் கையெழுத்திடுபவராகவும் இருக்கக் கூடாது. அலைபேசி வழியாகப் பணம் செலுத்தும் குறியை வாசலில் ஒட்டியிருந்தால், அது பங்கின் கணக்குக்குத்தான் போகிறதா என்று மாதம் ஒருமுறை சிறு தொகை அனுப்பிச் சோதியுங்கள். மேலே வேறொரு குறியை ஒட்டிவிட்டுப் போவது எளிது.

கேட்கும் முறை

பெருந்தொகையைச் சிலரிடம் கேட்பதா, சிறுதொகையை எல்லாரிடமும் கேட்பதா? நான் இரண்டாவதன் பக்கம். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்றபடி சேமித்து வைக்கட்டும் என்று கொரிந்தியருக்கான முதல் திருமுகத்தின் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. பிரான்சின் லியோன் நகரில் பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண் இதையே ஓர் ஏற்பாடாக மாற்றிக் காட்டினார். பத்துப் பேர் சேர்ந்து ஒரு குழு. ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு சிறு காசு. அதை வாங்க ஒருவர். பத்துக் குழுக்களுக்கு ஒரு பொறுப்பாளர், அதற்கு மேல் இன்னொருவர். பட்டாலைத் தொழிலாளர்களிடையே தொடங்கிய அந்த வலைப்பின்னலிலிருந்து 1822-இல் நம்பிக்கை பரப்புதல் சங்கம் பிறந்தது. 2022-இல் அவர் அருளாளராக (புனிதர் நிலைக்கு முந்தைய படி) உயர்த்தப்பட்டார். அவருடைய ஏற்பாட்டில் நமக்குப் பயன்படுவது, ஒவ்வொரு வாரமும் காசு வாங்க வருபவர் ஒன்பது பேரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்பதுதான். யார் நோயுற்றிருக்கிறார், யாருக்கு வேலை போய்விட்டது என்பதெல்லாம் அந்தச் சந்திப்பிலேயே தெரிந்துவிடும். அன்பியங்கள் இயங்கும் பங்குகளில் இந்த அமைப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது.

ஆலயத்தில் அறிவிக்கும்போது, திருவிருந்துக்குப் பின் வரும் மன்றாட்டு முடிந்ததும் இரண்டு நிமிடங்களுக்கு மிகாமல் பேசுங்கள். மறையுரையை இதற்குப் பயன்படுத்தும்படி பங்குத்தந்தையைத் தூண்டாதீர்கள். இறைவார்த்தையைக் கேட்க வந்தவர்கள் கூரைச் செலவைக் கேட்டுவிட்டுப் போவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. பேசுபவர் எப்போதும் குழுத் தலைவராகவே இருக்க வேண்டியதில்லை. மழையில் நனையும் பக்கத்து வரிசையில் வாரந்தோறும் உட்காரும் ஒருவர் எழுந்து நான்கு வாக்கியம் பேசினால், அது வேறு விதமாகச் சென்று சேரும்.

வீடுகளுக்குச் செல்லும்போது இருவராகச் செல்லுங்கள். அவர்களில் ஒருவராவது அந்தத் தெருவுக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். போன உடனே ரசீதுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. உட்கார்ந்து நலம் விசாரியுங்கள். படுக்கையில் யாரேனும் இருந்தால் அவருக்காகச் செபியுங்கள். பிறகு குறிப்புத் தாளைக் கையில் கொடுத்து, “அம்மா, கூரை வேலைக்காக எல்லா வீட்டுக்கும் வந்துகொண்டிருக்கிறோம். இதைப் படித்துப் பாருங்கள். இப்போதே எதுவும் சொல்ல வேண்டாம், அடுத்த வாரம் இந்த உறையைக் காணிக்கையோடு போட்டால் போதும்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். தொகையை அவர்களாகவே சொல்ல வரும்போதுகூட, பக்கத்து வீட்டார் எவ்வளவு கொடுத்தார் என்ற பேச்சுக்கு வாய் திறக்காதீர்கள். சில வீடுகளில் “ஃபாதர் எங்க அம்மா இறந்தப்போ வரவே இல்லை” என்று பழைய வருத்தம் ஒன்று வெளிவரும். அன்று பணப் பேச்சே வேண்டாம். கேட்டுக்கொண்டு, குறித்துக்கொண்டு, பங்குத்தந்தையிடம் சொல்லி அவரை அந்த வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். அந்த ஆண்டு முழுவதும் நீங்கள் செய்ததில் அதுவே பெரிய வேலையாக இருந்துவிடலாம்.

கொடுக்க முடியாதவர்கள் என்று யாரையும் நீங்களாக முடிவு செய்து கடந்து போய்விடாதீர்கள். கைம்பெண் போட்ட இரு காசுகளைப் பற்றி மாற்கு நற்செய்தி சொல்வதை ஆலயத்தில் கேட்கிறோம்; கேட்டுவிட்டு, ஏழை வீட்டைத் தாண்டிச் செல்கிறோம். அவர்களிடமும் செல்லுங்கள், அதே தாளைக் கொடுங்கள், அதே ஒற்றை நிற உறையைக் கொடுங்கள். பணத்துக்குப் பதிலாக ஒரு நாள் உழைப்பைத் தர முன்வருபவரின் பெயரை ரசீதில் அப்படியே எழுதுங்கள்: “கூரை ஓடு இறக்குதல், ஒரு நாள்.”

பெரிய தொகை தர வருபவரிடம் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. அவர் வைக்கும் நிபந்தனையை ஏற்றுக்கொண்டால் அதை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று எண் 1300 கட்டுப்படுத்துவதால், நிறைவேற்ற முடியாததை முதலிலேயே மறுத்துவிடுவது நல்லது. ஆலய முகப்பில் குடும்பப் பெயர், முதல் வரிசையில் நிரந்தர இருக்கை, தேர்தல் நேரத்துப் படம் ஆகிய மூன்றுக்கும் எங்கள் குழுவின் பதில் ஒன்றே. பளபளக்கும் உடையோடு வந்தவருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் கால்மணையும் காட்டியவர்களை யாக்கோபு கடிந்துகொள்வதைப் படித்துக் காட்டினால், பெரும்பாலும் கொடுப்பவரே புரிந்துகொள்கிறார்.

விருந்து, விற்பனை, கலைநிகழ்ச்சி

பங்கில் நடத்தும் விருந்தோ கண்காட்சியோ பணம் ஈட்டும் வழி என்ற அளவில் அவ்வளவு திறமையானது அல்ல. பந்தல், ஒலி அமைப்பு, பொருள்கள், அச்சுச் செலவு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, இலவசமாகக் கிடைத்த பொருள்களின் மதிப்பையும் நேர்மையாகச் சேர்த்துப் பார்த்தால், அதே குடும்பங்கள் தாங்களே வாங்கி, தாங்களே சமைத்து, தாங்களே பணம் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனது தெரியவரும். ஆனாலும் நடத்துங்கள். பத்தாண்டுகளாக ஒரே ஆலயத்தில் ஒன்றாகச் செபித்தும் பெயர் தெரியாத இருவர் காய் நறுக்கும்போது பேசிக்கொள்வார்கள். புதிதாகக் குடிவந்த குடும்பம் முதன்முறையாக ஒரு வேலைக்கு அழைக்கப்படும். அதை எதிர்பார்த்து நடத்தினால் அதற்கேற்பத் திட்டமிடத் தோன்றும்.

வழக்கமாக வேலை செய்யும் பதினைந்து பேரைத் தவிர்த்து ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். தனியாக வாழ்பவர்கள், மணமுறிவுக்குப் பின் பின்வரிசையில் உட்காரத் தொடங்கியவர்கள், மொழி வேறானதால் ஒதுங்கி நிற்பவர்கள், காது மந்தமான முதியவர்கள் ஆகியோரில் ஒவ்வொருவருக்கும் திட்டவட்டமான ஒரு வேலையைக் கொடுங்கள். “வந்து உதவுங்கள்” என்ற பொது அழைப்புக்கு யாரும் வருவதில்லை; “மூன்று மணிக்கு வந்து நாற்காலி எண்ணிப் பாருங்கள்” என்றால் வருகிறார்கள். அடுப்பருகே வியர்த்து நின்றவர்களை மேடைக்கு அழைத்து நன்றி சொல்லும் வழக்கம் பல இடங்களில் இல்லை. ஒலிவாங்கி பிடித்தவர்களே ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்கிறார்கள். இதை மாற்றுவதற்குச் செலவே இல்லை.

நுழைவுச்சீட்டு வைத்தால், சீட்டு வாங்க முடியாத குடும்பங்களுக்கு எப்படிக் கிடைக்கும் என்பதை முன்பே தீர்மானியுங்கள். அன்பியப் பொறுப்பாளரிடம் சில சீட்டுகளைச் சத்தமின்றிக் கொடுத்துவிடுவதே நல்ல வழி. சிறுவர்கள் வீடு வீடாகச் சென்று சீட்டு விற்பதை அனுமதிக்காதீர்கள். சிறார் பாதுகாப்பு விதிகள் உங்கள் மறைமாவட்டத்தில் இருக்கும், அவற்றை நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள் அனைவரும் படித்துக் கையெழுத்திடட்டும். மின்சாரம், தீ, கூட்ட நெரிசல் ஆகியவற்றுக்குப் பொறுப்பாக ஒருவரை எழுத்தில் நியமியுங்கள். கடைகளில் வரும் ரொக்கத்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருவர் வந்து எண்ணி எடுத்துச் செல்லட்டும்.

தொடக் கூடாத ஒன்று

திருப்பலிக் கருத்துகளையும் (ஒருவர் கேட்டுக்கொள்ளும் தேவைக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பது) அருளடையாளங்களையும் (திருமுழுக்கு, திருமணம் போன்றவை) நிதி திரட்டும் கருவியாக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. திருப்பலிக் காணிக்கையில் வணிகத்தின் சாயல்கூடப் படியக் கூடாது என்று எண் 947 சொல்கிறது. வறுமையின் காரணமாக எவருக்கும் அருளடையாளங்களின் உதவி கிடைக்காமல் போகக் கூடாது என்று எண் 848 சொல்கிறது. பலருடைய கருத்துகளை ஒரே திருப்பலியில் சேர்ப்பது பற்றி உரோமையிலிருந்து 1991-இலும் 2025-இலும் ஆணைகள் வந்தன; கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவர் மனமார இசைந்திருக்க வேண்டும் என்பதில் இரண்டும் உறுதியாக இருக்கின்றன. பங்குகளைப் பற்றி 2020-இல் வெளிவந்த அறிவுரையும், காணிக்கை விலையாகவோ வரியாகவோ தோன்றிவிடக் கூடாது என்று எச்சரிக்கிறது. “கூரை நிதிக்கு இவ்வளவு கொடுத்தால் ஆண்டு முழுவதும் உங்கள் கருத்துக்குத் திருப்பலி” என்ற வகை அறிவிப்பை யாரேனும் எழுதிக் கொண்டுவந்தால் கிழித்துவிடுங்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவரின் மகளுக்குத் திருமணச் சான்றிதழைத் தாமதப்படுத்துவதும் இதே வகைதான்.

பிறருக்கான பங்கு

ஏறத்தாழ 155-ஆம் ஆண்டில் உரோமையில் எழுதிய புனித ஜஸ்டின், ஞாயிறு கூட்டத்தில் வசதியுள்ளவர்கள் தாங்கள் விரும்பியதைக் கொடுத்தார்கள், தலைவர் அதைக் கொண்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர்கள் ஆகியோரைக் கவனித்தார் என்று சொல்கிறார். கட்டடத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நமக்குக் கட்டடம் உண்டு, அதற்குக் கூரையும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு நிதி திரட்டலிலும் ஒரு பகுதி, பத்தில் ஒன்றாக இருந்தாலும், பங்குக்கு வெளியே இருக்கும் தேவைக்குப் போகும் என்பதை முதல் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் எடுத்துக் கொடுக்க நினைத்தால் நோக்க விதி தடுக்கும்.

பங்குக்குள்ளேயே உதவும்போது வின்சென்ட் தே பவுல் சபையினரின் முறையைப் பின்பற்றலாம். 1833-இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய அந்தச் சபையின் கூட்டங்களில் மறைவுப் பை ஒன்று சுற்றிவரும். உள்ளே விட்ட கையில் என்ன இருந்தது என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. கொடுப்பவருக்கு உரிய அந்த மறைவு, பெறுபவருக்கும் கிடைக்க வேண்டும். உதவி பெற்றவரை மேடையில் நிறுத்திப் படம் எடுப்பதும், அதை வாட்ஸ்அப்பில் போடுவதும் கூடாது. கணக்கில் குடும்பப் பெயர் இல்லாமல் எண் மட்டும் இருக்கட்டும்; பெயர்ப் பட்டியல் பங்குத்தந்தையிடமும் சபைத் தலைவரிடமும் மட்டும் இருக்கட்டும்.

கணக்குப் படிக்கும் நாள்

வேலை முடிந்து இரண்டு வாரங்களுக்குள் கணக்கைப் படித்துவிடுங்கள். வேலை நீண்டுகொண்டே போனால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடுக்கணக்கு போதும். பலகையில் ஒட்டும் தாள் ஒரே பக்கத்தில், தூரத்திலிருந்தும் படிக்கக்கூடிய எழுத்தில் இருக்க வேண்டும். வரவில் எத்தனை குடும்பங்களிடமிருந்து எவ்வளவு என்பதை முதல் வரியாகவும், நிகழ்ச்சி வழியாக வந்தது, வங்கி வட்டி ஆகியவற்றை அடுத்தும் எழுதுங்கள். செலவைப் “பொருள்கள்” என்று ஒற்றை வரியில் அடக்காமல் ஓடு, மரம், கூலி, போக்குவரத்து என்று பிரியுங்கள். தொகையைவிடக் கொடுத்த குடும்பங்களின் எண்ணிக்கையை நான் கூர்ந்து பார்ப்பேன். தொகை ஏறி எண்ணிக்கை இறங்கியிருந்தால், அடுத்த ஆண்டுக்கான எச்சரிக்கை அது. தவறு நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள்: முதலில் வாங்கிய ஓடுகளில் ஒரு பகுதி உடைந்தது, மீண்டும் வாங்கினோம், கூடுதல் செலவு இவ்வளவு.

நன்றிக் கடிதம் எல்லாருக்கும் ஒரே தாளில், ஒரே அளவில் போகட்டும். கையெழுத்தை அச்சிடாமல், பங்குத்தந்தையும் செயலரும் உட்கார்ந்து மையால் போடட்டும். இருநூறு கடிதம் என்றால் இரண்டு மாலை ஆகும். ஒரு நாள் உழைப்பைத் தந்தவருக்கும் அதே கடிதம்தான். பின்னர் விலைப்புள்ளிகள், குறிப்பின் முதல் வடிவம், கேள்விகளும் பதில்களும், எண்ணிய தாள்கள், இறுதிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி, அடுத்து வரப்போகும் செயலருக்கு வழிகாட்டும் ஒரு பக்கத்தை மேலே வையுங்கள்.

மணிக்கூண்டுக்கு மீண்டும் கேட்பதற்கு முன், ஒலிபெருக்கிக் கணக்கை எழுதி வாசல் பலகையில் ஒட்டினோம். அந்தப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக் கூட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, ஏழாவது வரியில ஒரு நூறு தவறுது” என்றார். தவறத்தான் செய்திருந்தது. சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் நான் சுருக்கொப்பம் இட்டேன். அதன் கீழே சாட்சியாக அவரும் இட்டார். அடுத்த மாதம் எண்ணும் மேசையில் மூன்றாவது நாற்காலி அவருக்கு.